செண்டுமல்லியைக் காவலுக்கு வைப்பது எப்படி?

மாடித்தோட்டத்தில் மருந்தடிக்காமல் பூச்சியை விரட்ட வேண்டுமா? செடிக்குத் துணையாக இன்னொரு செடியை வைத்தால் போதும் என்கிறார்கள். ஆறு குரோ பேக்கும் ஏகப்பட்ட ரோஷமும் வைத்துக்கொண்டு நானும் செய்து பார்த்தவன். ஆகவே தைரியமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் தக்காளிக்குப் பக்கத்தில் செண்டுமல்லி. வயலில் இது பலித்த வித்தைதான். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் சொன்ன கணக்கு, 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அந்த மொட்டுகளில் மயங்கி அங்கேயே முட்டையிடும். இரண்டும் ஒன்றாகப் பூக்க வேண்டும் என்பதால் 25 நாள் தக்காளி நாற்றோடு 45 நாள் செண்டுமல்லி நாற்றை நடுவார்கள். உங்களிடம் 16 வரிசை இல்லை. தண்ணீர்த் தொட்டியை இடித்தாலும் வராது. அதனால் நர்சரியில் பூத்துக் குலுங்கும் செடியாகப் பார்த்து ஒன்று வாங்குங்கள். தக்காளி பூக்கும் வாரத்தில் அது சருகாகியிருக்கும். வந்த அந்து என்ன செய்யும், பாவம், தக்காளிக்கே போகும்.

செண்டுமல்லி வேர் நூற்புழுவை ஒடுக்கும் என்பதும் உண்மையே. ஆனால் நேற்றுக் கடையிலிருந்து வந்த தென்னைநார்க் கழிவில் நூற்புழு ஏது? திருடனே வராத தெருவுக்கு வாட்ச்மேன். இருந்துவிட்டுப் போகட்டும், சம்பளம் ஒரு குவளைத் தண்ணீர்தானே.

அடுத்தது வெண்டை. அழகுக்காகப் பக்கத்தில் செம்பருத்தி வையுங்கள். இரண்டும் ஒரே குடும்பம். மாவுப்பூச்சி இந்த வீட்டில் காலைப் பலகாரம், அந்த வீட்டில் மத்தியானச் சாப்பாடு என்று உறவு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும். நடக்கச் சோம்பல்பட்டாலும் கவலையில்லை, எறும்பு இருக்கிறது. மாவுப்பூச்சியின் பின்பக்கத்தில் சுரக்கும் தேனுக்காக எறும்பு அதைக் கறவை மாடுபோல வளர்க்கும், தின்ன வரும் பொறிவண்டை விரட்டும், குஞ்சுகளைத் தூக்கிக் கொழுந்தில் விடவும் செய்யும். செடிக்குத் துணை வைக்க நாம் அலைகிறோம். பூச்சிக்கு எப்போதோ துணை கிடைத்துவிட்டது. பைகளின் அடியில் தண்ணீர்த் தட்டு வைத்தால் எறும்பு ஏறாது. ஆனால் பைகளை நெருக்கி வைத்து இலைகளை ஒன்றோடொன்று உரசவிடுங்கள். பாலம் கட்டிய புண்ணியம் கிடைக்கும்.

கத்தரிக்குப் பக்கத்தில் தட்டைப்பயறு. அசுவினி அதில் அப்பிக்கொள்ளும், அசுவினியைத் தேடிப் பொறிவண்டு வரும், முட்டையிடும். சில நாளில் கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலைபோல ஒன்று இலையில் ஊரும். பார்க்கவே அருவருப்பாக இருக்கும். உடனே நசுக்கிவிடுங்கள். பிறகு செல்போனில் படம் தேடினால், நூற்றுக்கணக்கில் அசுவினியைத் தின்னும் பொறிவண்டின் பிள்ளை அதுதான் என்று தெரியவரும். அன்று மட்டும் சாப்பாடு இறங்காது.

கடைசியில் வேப்பெண்ணெய் இருக்கவே இருக்கிறது. லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில்தான் உங்களுக்கு நேரம் கிடைக்கும் என்பதால் அப்போதே அடியுங்கள். இலை கருகிவிட்டால் பூச்சி எங்கே உட்காரும்?

இவ்வளவும் செய்தால் வாரத்துக்கு இரண்டு வெண்டைக்காய் நிச்சயம். ஓட்டை விழுந்ததைச் சாம்பாரில் போடுங்கள், நறுக்கிவிட்டால் தெரியாது. ஓட்டை இல்லாததைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.