சிவப்பு மையின் பங்கீடு

எழுத்துப்பிழை எனப்படுவது, ஒரு சொல்லில் இருக்க வேண்டிய எழுத்தின் இடத்தில் அதன் அண்டை வீட்டு எழுத்து வந்து அமர்ந்துகொள்வதாகும். தமிழில் ல, ள, ழ ஒரு வீட்டாராகவும், ர, ற ஒரு வீட்டாராகவும், ந, ன, ண ஒரு வீட்டாராகவும் நெருங்கி வாழ்வதால், இத்தகைய ஆள்மாறாட்டம் பிள்ளைகளின் கொப்பிகளில் அன்றாடம் நிகழ்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் நாக்கு எவ்விடத்தைத் தொட வேண்டும், எவ்விடத்தை வருட வேண்டும் என்று நன்னூல் தெளிவாக வகுத்துள்ளது. ஆயினும், கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகக் கங்காணிமார் 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து ஆள்கட்டி ஊவா மலைகளுக்கு அழைத்துவந்தவர்களின் மூட்டை முடிச்சுகளில் பவணந்தி முனிவரின் நூல் இருந்ததாகத் தெரியவில்லை. எனவே, பசறையிலோ நமுனுகுலையிலோ 'வாளப்பளம்' என்று கேட்டு வளரும் பிள்ளை அவ்வாறே எழுதும்போது, தன் காதுக்கு விசுவாசமாக நடந்துகொண்ட குற்றத்துக்காகவே புள்ளியை இழக்கிறது. சொல்வதெழுதலில், அதாவது ஆசிரியர் உரக்க வாசிக்க மாணவர் எழுதும் பயிற்சியில், வாசிப்பவரே ரகரத்தையும் றகரத்தையும் பெரும்பாலும் ஒன்றுபோலவே ஒலிப்பதால், அங்கு சோதிக்கப்படுவது பிள்ளையின் செவியா, ஆசிரியரின் மனத்தில் இருப்பதை ஊகிக்கும் திறனா என்பது ஆய்வுக்குரியது.

பிறமொழிச் சொற்களில் சிக்கல் மேலும் சுவையானது. இலங்கையின் வடபுல எழுத்து மரபு ஆங்கிலச் சொற்களின் தொடக்கத்தில் வரும் டகர ஒலியை ரகரமாக எழுதுவதால், அங்கிருந்து நியமனம் பெற்று வரும் ஆசிரியருக்கு ரீச்சர், ரயர், ரிக்கற் என்பனவே இயல்பானவை. தோட்டத்துப் பிள்ளைக்கோ டீச்சர், டயர், டிக்கட் தவிர வேறெதுவும் வாயில் நுழையாது. சொல்லுக்கு முதலில் வரலாம் என்று நன்னூல் அனுமதிக்கும் எழுத்துகளில் டகரமும் இல்லை, ரகரமும் இல்லை என்பதால் இருதரப்பும் குற்றவாளிகளே. ஆனால் சிவப்புப் பேனை ஒரு தரப்பிடம் மட்டுமே இருக்கிறது.

இதன் விளைவு பிழைகளைவிடப் பெரியது. தொழிலாளர் அதிகாலையில் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் பெரட்டுக்களத்தையும், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவையும் எப்படி எழுதுவது என்பதில் ஆளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆகவே 'என் தாய்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதும் விவரமான பிள்ளை அந்தப் பக்கமே போகாமல், தன் தாயார் வைகறையில் துயிலெழுந்து நீராடி இறைவனை வணங்குவார் என்று பிழையற எழுதிவிடுகிறது. அவ்வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் அவர்கள் அனைவருக்கும் ஒரே தாயார் வாய்த்துவிடுகிறார், அவர் கொழுந்துக் கூடையைத் தொட்டதே இல்லை. திருத்தப்படாத முதற்படியாகச் சில கட்டுரைகளையேனும் எழுத விட்டால் உண்மையான தாய்மாரும் கொப்பிக்குள் வரக்கூடும்.

வளர்ந்தோர் உலகம் இத்துறையில் தன்மீது மிகுந்த கருணை காட்டிக்கொள்கிறது. ஹப்புத்தளை என்றும் அப்புத்தளை என்றும் ஒரே ஊரை இருவிதமாகப் பெரியவர்கள் எழுதலாம், 'அப்புதளை' என்று மூன்றாவதாக ஒன்றைப் பிள்ளை எழுதினால் மட்டுமே அது பிழை. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னர், தமிழும் அரச கரும மொழியாதல் வேண்டும் என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் கூறியது. அவ்வாறு உரிமை பெற்ற தமிழ், பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய ஆசனத்தின் மேல் தகரம் நகரமாக மாறி, கர்ப்பிணி நாய்களுக்கு இடமளித்தது நாடறிந்த செய்தி. அப்பலகையை எழுதியவருக்கு எவரும் புள்ளி குறைத்ததாகத் தகவல் இல்லை.

ஆனாலும் ஓரிடத்தில் கண்டிப்பு தேவை, அது பெயர்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப்போன தோட்ட மக்கள், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ்த் தமது வதிவிடத்தைத் தாள்களால் நிரூபிக்க வேண்டியிருந்தபோது, தோட்டப் பதிவேட்டில் ஒரு பெயரும் விண்ணப்பத்தில் இன்னொரு பெயருமாக நிற்பது வெறும் எழுத்துப்பிழையாக இருக்கவில்லை. லெட்சுமி, இலட்சுமி, லட்சுமி ஆகிய மூவரும் ஒருவரே என்று நிறுவ இன்றைக்கும் சத்தியக்கடதாசி தேவைப்படுகிறது. எனவே சிவப்பு மையைப் பங்கிட்டுக் கொடுக்கும் அதிகாரம் எவருக்கேனும் கிடைக்குமாயின், வாழைப்பழத்துக்குச் சிறிதும், பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர் ஆகியவற்றுக்குப் பெரிதுமாக ஒதுக்குவது நியாயமாகும். இதிலும் ஒரு நடைமுறைச் சங்கடம் உண்டு: மூன்றெழுத்துத் தெரிந்த எவரும் ஒப்புக்கொள்ளாத வடிவில் பெயர் ஏற்கெனவே பிறப்புச் சான்றிதழில் பதிவாகியிருந்தால், அந்தப் பிழையை ஓரெழுத்தும் பிசகாமல் எழுத ஆசிரியர் பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டும், பிள்ளை அதைச் சரியாக எழுதிவிட்டால், வட்டமிட்டுத் திருத்தவும் வேண்டும்.