தலையாட்டும் நோயாளி

கேள்வி: டி.பார்ம் (மருந்தாளுநர் பட்டயப் படிப்பு) மாணவர்களுக்கு நோயாளியிடம் பேசக்கூடப் பயிற்சியாமே! சீட்டைப் பார்த்து மாத்திரையை எடுத்துக் கொடுக்க அது எதற்கு?
- வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: எடுத்துக் கொடுக்க மட்டும் என்றால் கடைப் பையனே போதும், டாக்டர் கையெழுத்தைப் படிப்பதில் பட்டதாரியையே தோற்கடிப்பார்! ஆனால் மூட்டுவாதத்துக்கு எழுதும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரு நாள்தான். தெரியாமல் தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும், உயிரே போகலாம். "புரிஞ்சுதா?" என்று கேட்டுப் பயனில்லை. நம்மவர்கள் தலையாட்டுவார்கள், புரியாவிட்டால் இன்னும் வேகமாக! "எந்தக் கிழமை போடுவீங்க?" என்று கேட்டு, "வெள்ளிக்கிழமை" என நோயாளி வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். பின்னால் நாலு பேர் "சீக்கிரம் குடுப்பா" என்று சில்லறையைத் தட்டும்போதும் பொறுமையாகக் கேட்கப் பழக வேண்டுமே! டி.பார்முக்கு 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி வைத்திருப்பது சும்மா இல்லை.

சட்டப்படி, பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்க வேண்டும். சில கடைகளில் அவருடைய சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கியபடி வேலை பார்க்கிறது. அதற்கு என்ன பயிற்சி கொடுத்தாலும் பேசாது.