தாம்பரம் ஒண்ணு

தினமும் சாயந்திரம் ஐந்து மணிக்கு எங்கள் ஹாலிலிருந்து தாம்பரத்துக்கு ஒரு பஸ் புறப்படுகிறது. நாலு நாற்காலிதான் பஸ். டிரைவர், கரடி பொம்மை. கண்டக்டர், நாலு வயதுப் பேத்தி. பயணி நான் ஒருத்தன்தான். ஆனாலும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று முதுகில் ஒரு தள்ளு விழும். மற்ற நேரமெல்லாம் "வா தாத்தா, போ தாத்தா." பஸ்ஸில் மட்டும் நான் "சார்." அந்த மரியாதைக்காகவே டிக்கெட் எடுக்கிறேன்.

முந்தாநாள் அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு எழுந்தேன்.

"ஓடுற பஸ்ல இறங்கக் கூடாது சார்."

"பால் பொங்குதும்மா!"

"ஸ்டாப்பிங் வரட்டும்."

குரோம்பேட்டை வருவதற்குள் பால் முழுதும் மேடையில்.

விளையாட்டென்றால் இஷ்டத்துக்கு ஆடுவது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933இலேயே ஓர் உரையில் அதை மறுத்துவிட்டார். பாவனை விளையாட்டு எதுவும் விதியில்லாமல் நடக்காது. ஏற்ற வேஷத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் குழந்தை தன் ஆசையை அடக்கப் பழகுகிறது என்றார். உண்மைதான். 'அ' எழுத இரண்டு நிமிஷம் உட்காராதவள், சீட்டெல்லாம் காலியாகக் கிடந்தும் தாம்பரம் வரை நின்றுகொண்டே வருகிறாள். கேட்டால், "டூட்டி." பயணியின் பாலைப் பற்றி மட்டும் வைகாட்ஸ்கி எதுவும் சொல்லவில்லை.

எங்கள் காலத்தில் ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்து ரயில் விட்டோம். சட்டை கிழிந்ததற்கு அடிதான் கிடைத்தது. கல்வி என்று யாரும் சொல்லவில்லை.

இப்போதும் எல்லோரும் சொல்வதில்லை. எழுத்து நோட்டைக் கிழித்து வகுப்பு முழுக்க டிக்கெட் கொடுத்தாள் என்று எல்.கே.ஜி. மிஸ் ஒரு துண்டுத்தாளில் புகார் எழுதி அனுப்பினார். இனிமேல் பஸ் கூடாதாம். அவரையும் குறை சொல்ல முடியாது, பெரிய அரசாங்கங்களே பயந்திருக்கின்றன. ஜெர்மனியில் 1837இல் ஃப்ரோபெல், குழந்தைகள் விளையாடியே கற்கட்டும் என்று ஒரு பள்ளி தொடங்கினார். பிறகு அதற்குக் கிண்டர்கார்ட்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயர் வைத்தார். 1851இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன்களுக்கே தடை போட்டது. நாத்திகமாம், சோஷலிசமாம்! அதைப் பேசியவரோ அவருடைய அண்ணன் மகன். குடும்பப் பெயர் ஒன்றாக இருந்ததில் வந்த குழப்பம். தடை விலக ஒன்பது வருஷமானது. ஃப்ரோபெல் அதற்குள் காலமாகிவிட்டார்.

எங்கள் வீட்டில் தடை ஒருநாள்கூட நிற்கவில்லை. நேற்று ஐந்து மணிக்கு விசில் கேட்டது. பாலை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டு ஏறினேன்.

"தாம்பரம் ஒண்ணு."

கையில் வந்த டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் மிஸ்ஸின் கையெழுத்து.