ஏழரைக் கோடி

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் தன் கால்பந்துப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்பியது. (பெரும்பாலும் கையால் ஆடும் அமெரிக்கக் கால்பந்து, பெயர்ப் பொருத்தம் பார்க்காதீர்கள்.) முந்தைய நாள்தான் அவர் அணி மிசிசிப்பி ஸ்டேட்டை 51-10 என்று நொறுக்கியிருந்தது. ஒப்பந்தப்படி அவருக்குத் தரவேண்டியது ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். வேறு வேலை கிடைத்தாலும் 2031 வரை தவணை நிற்காது. ஏழரை பிடித்தது போனவரை அல்ல, போகச் சொன்னவர்களை.

அவர் வந்தபோது தேசிய சாம்பியன் பட்டயம் ஒன்றை, ஆண்டை மட்டும் நிரப்பாமல், கையில் கொடுத்திருந்தார்கள். பிள்ளை பிறக்குமுன் பெயர் வைப்பார்கள். இவர்கள் பிறந்தநாள் அழைப்பிதழே அடித்துவிட்டார்கள். கடைசிப் பட்டம் 1939இல் வந்தது.

அடுத்து யார்? மைதான வாசலில் கறி வாட்டும் ஒவ்வொருவரும் தேர்வுக்குழுத் தலைவர். “சேர்த்த பையன்கள் தங்கம், ஆடவைக்கத்தான் ஆளில்லை” என்றார் ஒருவர். “ஆளா? கொண்டுவா ஒரு மந்திரவாதியை!” என்றார் மற்றவர். கென்டக்கியின் மார்க் ஸ்டூப்ஸ் பெயர் கசிந்ததும் ரசிகர்கள் கொதித்தெழ, பொழுது விடிவதற்குள் அவர் தன் ஊரிலேயே இருப்பதாகச் சொல்லிவிட்டார். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே விவாகரத்து.

கடைசியில் வந்தவர் மைக் எல்கோ. அதே ஃபிஷரிடம் நான்கு ஆண்டுகள் உதவியாளராக இருந்தவர்.