ஐம்பதுக்கு மேல் எண்ணாதே
காந்தி நூற்றாண்டுக்காக 1969-இல் டெல்லி ராஜ்காட்டில் கட்டட வேலை நடந்தபோது, சித்தாள்களின் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைப் பார்த்த மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரம் போட்டார். ‘மொபைல் கிரெஷஸ்’ என்ற குழந்தைகள் காப்பக அமைப்பு பிறந்தது.

கட்டடத் தொழிலாளர் சட்டம் சாவகாசமாக 1996-இல் வந்தது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் கட்டாயம் என்றது. வெளிச்சம், காற்றோட்டம், சுத்தம், பயிற்சி பெற்ற ஆயா எல்லாம் கேட்டது. நல்ல சட்டம்தான். மஸ்டர் ரோல் என்ற கூலிப் பதிவேடுதான் பொல்லாதது. புருஷன் பெயரில் ஜோடிக் கூலி எழுதிவிட்டால் பெண்டாட்டி கணக்கில் வரமாட்டாள். செங்கல் மட்டும் அவள் தலையில். ஐம்பதுக்கு மேல் பெண்களை எண்ணத் தெரிந்த மேஸ்திரியை நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனாலும் விதியை அடியோடு மீறியதாகச் சொல்லக்கூடாது: ஜல்லிக் குவியலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வெளிச்சத்துக்கும் காற்றோட்டத்துக்கும் ஒரு குறையும் இல்லை.