அலுப்பு காத்த வண்ணங்கள்

முன்பின் அறியாதவர்களின் குடும்பப் படங்களைக் காசு கொடுத்து வாங்கி, தூசு தட்டி, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவைக்கும் பழக்கம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலரிடம் உண்டு. இதனை ஆய்வு என்று கொள்வோரும் உளர், நோய் என்று கொள்வோரும் உளர். பின்னவர் பெரும்பாலும் சேகரிப்பாளரின் வாழ்க்கைத் துணையாகவே இருப்பது கவனிக்கத்தக்கது. இவ்வாறு சேகரிக்கப்படும் படங்களுள் ஒரு வகையான ஸ்லைடு என்பது, நெகடிவைப் போல நிறங்களை மாற்றிக் காட்டாமல் உள்ள நிறத்தையே காட்டும் படச்சுருளின் ஒரு துண்டை, பக்கத்துக்கு இரண்டு அங்குலம் உள்ள சதுரச் சட்டத்தில் பொருத்திய பொருளாகும். உள்ளே இருக்கும் படம் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமுமே கொண்டது என்பதால், அதனைப் பார்க்க ஒரு ப்ரொஜெக்டரும், வெள்ளைத் திரையும், தப்பி ஓட வழியற்ற விருந்தினரும் தேவைப்பட்டனர்.

இக்கலைக்கு அடித்தளமிட்ட கோடாக்ரோம் படச்சுருளை உருவாக்கியோர் லியோபோல்ட் மேன்ஸ் என்ற பியானோக் கலைஞரும் லியோபோல்ட் கோடோவ்ஸ்கி என்ற வயலின் கலைஞரும் ஆவர். கோடக் நிறுவனம் அதனை 1935இல் திரைப்படச் சுருளாகவும், அடுத்த ஆண்டு நிழற்படச் சுருளாகவும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் வெளியிட்ட கேரசல் என்ற ப்ரொஜெக்டரில், 80 ஸ்லைடுகள் வரிசையாக நிற்கும் வட்டத் தட்டு ஒன்று மேலே சுழல, அவை ஒவ்வொன்றாகத் தம் எடையாலேயே விளக்கொளிக்கு முன் இறங்கின. சாப்பாடு முடிந்து விளக்கணைந்த பிறகு, இருட்டில் தம் மேலங்கியைத் தேடி எடுக்க இயலாத விருந்தினர், அடுத்தவர் வீட்டுக் கோடை விடுமுறையை முழுமையாகக் கண்டு முடிக்க வேண்டியதாயிற்று. 140 ஸ்லைடுகள் கொள்ளும் தட்டும் பின்னர் வந்தது; அதனை வாங்கியோரின் நண்பர் வட்டம் எவ்வளவு சுருங்கியது என்பதை ஆராய்ந்தவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை.

வீட்டுப் பெரியவர் மறைந்தபின், அவ்வீட்டிலேயே கதவைத் திறந்துவைத்து, கரண்டி முதல் கட்டில் வரை விலை போட்டு விற்பதை அமெரிக்கர் எஸ்டேட் சேல் என்பர். ஸ்லைடுப் பெட்டிகள் அயலார் கைக்கு வரும் வழிகளுள் இது முதன்மையானது. பிள்ளைகள் தமக்கு வேண்டிய முகங்களை முன்னரே பொறுக்கி எடுத்துக்கொள்வதால், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் விளிம்பும் ஆளில்லாத நீச்சல்குளமுமே பெரும்பாலும் மிஞ்சிப் பெட்டியில் கிடக்கின்றன. கோடாக்ரோமின் சாயங்களுக்கோ விசித்திரமான இயல்பு ஒன்று உண்டு: இருட்டில் கிடந்தால் அவை பல பத்தாண்டுகள் மங்காமல் நிற்கும், ப்ரொஜெக்டரின் ஒளி திரும்பத் திரும்பப் பட்டால் விரைவில் வெளிறும். ஆகவே, எல்லோரும் ஆசையாகக் கேட்டுப் பார்த்த திருமணக் கோலம் நிறமிழந்து நிற்க, ஒருமுறை பார்த்ததும் போதும் என்று மூடிவைக்கப்பட்ட அணைக்கட்டு நேற்று எடுத்ததுபோல் பளபளக்கிறது. அலுப்பைக் காட்டிலும் சிறந்த ஆவணக் காப்பாளர் இத்துறையில் இதுவரை தோன்றவில்லை.

இத்தகைய பெட்டிகளில் அடிக்கடி எதிர்ப்படுபவர், காருக்கு அருகே வெயிலில் கண்ணைச் சுருக்கியபடி நிற்கும் ஒரு பெண்மணி ஆவார். கார் மாறும், கண்ணாடி மாறும், தலைமுடியின் நிறமும் மாறும். சுருக்கிய கண் மட்டும் மாறாது. அவருடைய கணவர் எப்போதும் கேமராவுக்குப் பின்னால் இருந்தமையால், புல்தரையில் விழுந்த தொப்பி வைத்த நிழலாக மட்டுமே வரலாற்றில் இடம்பெறுகிறார். சட்டத்தின் ஓரத்தில் டெவலப் செய்த மாதமும் ஆண்டும் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். ஆனால் அதற்குக் கீழே பென்சிலால் எழுதப்பட்டிருப்பது ‘நாங்கள்’ என்பதாகவோ, ‘அதே இடம், வேறு பக்கம்’ என்பதாகவோ இருக்கக் காண்பது, ஆய்வாளரின் பொறுமையைக் கடுமையாகச் சோதிப்பதாகும்.

ஸ்கேன் செய்யும் பணியும் எளிதன்று. ஒரு ஸ்லைடைக் கருவிக்குள் எட்டு விதமாகச் செருகலாம். அவற்றுள் ஒன்றே சரியானது. படம் இடவலம் மாறிவிட்டதா என்பதைக் கடைப் பலகையின் எழுத்துகளைக் கொண்டு அறியலாம்; எழுத்து இல்லாதவிடத்து அமெரிக்கக் காரின் ஸ்டியரிங் வலப்பக்கத்துக்குப் போய்விட்டதா என்று பார்ப்பது நன்று. அங்குலத்துக்கு 4,000 புள்ளிகள் என்ற கணக்கில் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 2.1 கோடிப் புள்ளிகள் சேரும். மேற்சொன்ன நீச்சல்குளத்துக்கும் அதே மரியாதைதான். தூசை அகச்சிவப்புக் கதிரால் கண்டுபிடித்து நீக்கும் வசதி பல ஸ்கேனர்களில் உண்டு. ஆனால் கோடாக்ரோம் அக்கதிரையும் ஓரளவு தடுத்துவிடுவதால், படத்தின் நுண்ணிய பகுதிகளையே தூசு என்று கருவி சில வேளை மயங்குகிறது. அறுபது ஆண்டுகள் தப்பிப் பிழைத்த மூக்குக்கண்ணாடியின் விளிம்பு, சுத்தம் செய்யும்போது அழிந்துபோவதும் உண்டு.

லீ ஷுல்மன் என்ற பிரிட்டிஷ் இயக்குநர் 2017இல் இத்தகைய ஸ்லைடுகளை வாங்கத் தொடங்கி, ‘அனானிமஸ் ப்ராஜெக்ட்’ என்ற பெயரில் நூல்களும் கண்காட்சிகளுமாக அவற்றை வளர்த்தெடுத்தார். ஆனால் இவ்வாறு பெட்டியை வாங்கியவர் அட்டைக்கும் படச்சுருளுக்குமே உரிமையாளர் ஆகிறார். படத்தின் காப்புரிமை தானாக அவருக்கு வந்துவிடுவதில்லை. அமெரிக்கச் சட்டப்படி, பெயர் தெரியாத ஒருவர் எடுத்து வெளியிடாமல் வைத்திருந்த படத்துக்கு, எடுத்ததிலிருந்து 120 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. மேற்சொன்ன அணைக்கட்டுப் படம் 1958இல் எடுத்ததானால், அது 2078 வரை சட்டப் பாதுகாப்புடன் விளங்கும்.

எனவே பரணில் ஸ்லைடுப் பெட்டி வைத்திருப்போர், அதனை விற்பதற்கு முன்போ உலகை விட்டு நீங்குவதற்கு முன்போ, ஸ்லைடுச் சட்டத்தின் ஓரத்தில் ஊரையும் ஆட்களின் பெயரையும் பென்சிலால் எழுதிவைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். ‘நாங்கள்’ என்று மட்டும் எழுத வேண்டாம்.