ஜெராக்ஸ் கடை லேபுக்கு வாடகை பாக்கி

அனுப்புநர்:
ஜெராக்ஸ், டி.டி.பி., ஸ்பைரல் பைண்டிங் கடைக்காரர்,
செங்கல்பட்டு.

பெறுநர்:
தாளாளர் அவர்கள்,
ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரி,
செங்கல்பட்டு மாவட்டம்.

பொருள்: தங்கள் கல்லூரியின் பைதான் ஆய்வகமாக எங்கள் கடை இயங்கியமைக்கு வாடகையும், அதில் அடியேன் ஆசிரியராகப் பணிபுரிந்தமைக்குச் சம்பளமும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: முதலாண்டு மாணவர்களுக்கான ஆன்லைன் படிப்பு குறித்த தங்கள் சுற்றறிக்கை.

ஐயா,

கல்லூரியின் பெயரை எழுதாமல் விட்டது பயத்தினால் அல்ல. எழுதினால் பக்கத்துக் கல்லூரித் தாளாளர் கோபித்துக்கொள்வார். இந்தக் கடிதம் அவருக்கும் ஒரு வரி மாறாமல் பொருந்தும்.

பார்வையில் கண்ட சுற்றறிக்கையின் பிரதி என்னிடம் இருக்கிறது. இருக்காதா, அதை நகல் எடுத்துக் கொடுத்ததே நான்தான். முதலாண்டு பி.எஸ்சி. மாணவர்கள் அனைவரும் பைதான் புரோகிராமிங்கை ஆன்லைனில் படித்துச் சான்றிதழ் பெற வேண்டும், அசலை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், அதற்குரிய பாடவேளைகள் ‘சுயகற்றல்’ எனக் கருதப்படும் என்று அதில் கண்டிருந்தது. சுயமாகக் கற்பவர்கள் எங்கே உட்கார்ந்து கற்க வேண்டும் என்பது மட்டும் விட்டுப்போயிருந்தது. அந்த இடத்தை என் கடை நிரப்பியது. மூன்று சிஸ்டம், ஒரு பிரிண்டர், ஒரு மின்விசிறி. “அண்ணா, லேப் காலியா இருக்கா?” என்று கேட்டுக்கொண்டேதான் தங்கள் பிள்ளைகள் படியேறுகிறார்கள். கல்லூரியில் கண்ணாடிக் கதவு போட்ட லேப் ஒன்று இருக்கிறதாமே. ஆய்வுக் குழு வரும் நாளில் அதைத் திறந்து காட்டுவார்கள் என்று கேள்விப்பட்டேன்.

என் மகளும் தங்களிடம்தான் படிக்கிறாள். அதனால் வெகுகாலம் வாயைத் திறக்காமல் இருந்தேன். இப்போது மூன்றாவது சிஸ்டத்தின் ஸ்பேஸ் பார் அமுங்கினால் எழும்ப மறுக்கிறது. பைதானில் வரிகளை இடம் விட்டு உள்ளே தள்ளித்தான் எழுத வேண்டும், ஒரு இடம் குறைந்தாலும் புரோகிராம் ஓடாது. எனவே அந்த மொழிக்கு முதல் பலி ஸ்பேஸ் பார்தான். இது பாடத்திட்டத்தில் சொல்லித்தரப்படாத விஷயம். கீபோர்டு வாங்கிக் கொடுத்தவனுக்குத்தான் தெரியும்.

பாடத்தை நான் குறை சொல்லவில்லை. சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-இல் என்.பி.டி.இ.எல். என்ற ஆன்லைன் பாடத் திட்டத்தைத் தொடங்கின. 2014 முதல் அதில் தேர்வும் சான்றிதழும் வந்தன. 2017-இல் மத்திய அரசின் ஸ்வயம் தளமும் வந்தது. பாடம் பார்க்க ஒரு பைசா வேண்டாம், தேர்வு எழுதத்தான் 1000 ரூபாய். என் மகள் படிப்பது சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைதான் பாடம். எட்டு வாரம். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் நானும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். மனிதர் அவசரப்படுவதே இல்லை. இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணியில் ஆரம்பித்து, முதலில் நீட்டி முழக்கி ஒரு வழி, பிறகு அதையே சுருக்கி ஒரு வழி என்று கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். எட்டாம் வகுப்பில் எனக்கு இப்படி ஒருவர் கணக்கு எடுத்திருந்தால் நான் இன்று லேமினேஷன் மெஷின் முன்னால் நின்றிருக்க மாட்டேன்.

அந்தக் கழகம் எங்கே இருக்கிறது என்பது தாளாளருக்குத் தெரியுமோ என்னவோ. சிறுசேரி சிப்காட்டில், 2005-இலிருந்து. நம்ம மாவட்டம், ஐயா. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரித்துக் கொடுத்த அதே செங்கல்பட்டு மாவட்டம். திருப்போரூர் போய் பஸ் மாறினால் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். நாடு முழுவதும் பிள்ளைகள் கேட்கும் பாடம் நம்ம பக்கத்திலிருந்து கிளம்பி ஊரெல்லாம் சுற்றிவிட்டு என் மகளின் செல்போனுக்கு வந்து சேர்கிறது. தங்கள் கல்லூரி அங்கிருந்து ஒரு முறை யாரையாவது அழைத்து வந்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லியிருக்கலாம். வாசலில் ஃபிளெக்ஸ் வைக்கவாவது உதவியிருக்கும்.

இனி என் ஆசிரியப் பணிக்கு வருகிறேன். சம்பளம் கேட்பவன் வேலையைச் சொல்ல வேண்டும் அல்லவா?

சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒரு பையன் வருகிறான். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் வந்து இறங்கினால் முகம் பாதி தூக்கத்தில் இருக்கும். ஒருநாள் அவன் புரோகிராம் ஓடவில்லை. ஒரு பெயரைக் கேட்டு வணக்கம் சொல்லும் இரண்டு வரி புரோகிராம்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஓட்டினால் ‘சின்டாக்ஸ் எரர், இன்வேலிட் கேரக்டர்’ என்று சிவப்பில் வருகிறது. புத்தகத்தோடு ஒப்பிட்டான், வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஒப்பிட்டான். எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறது, ஆனால் ஓடவில்லை. நண்பனுக்கு போட்டோ எடுத்து அனுப்பினான், அவனுக்கும் புரியவில்லை. மணிக்கணக்கில் வாடகை வாங்குகிறவன் நான், பேசாமல் இருந்திருக்கலாம். மனசு கேட்காமல் எட்டிப் பார்த்தேன். மேற்கோள்குறி வளைந்திருந்தது.

தங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக விளக்குகிறேன். ரெக்கார்டு நோட்டில் ஒட்ட வேண்டும் என்று புரோகிராமை வேர்டில் டைப் செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள் தங்கள் துறையில். வேர்டு ஒரு நல்ல மனது கொண்ட மென்பொருள். நாம் நேராக அடிக்கும் மேற்கோள்குறியை அதுவே அழகாக வளைத்துக் கொடுக்கும். கல்யாணப் பத்திரிகைக்கு அது லட்சணம், பைதானுக்கு விஷம். பையன் வேர்டிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறான். டி.டி.பி. தொழிலில் தலை நரைத்தவன் கண்ணுக்கு நேர் குறியும் வளைந்த குறியும் ஒன்றாகத் தெரியாது. அழித்துவிட்டு நேராக அடிக்கச் சொன்னேன். ஓடியது. பையன் என்னைப் பார்த்த பார்வையைத் தங்கள் கணினி அறிவியல் துறைத் தலைவர் பார்த்திருந்தால் அன்றே ராஜினாமா செய்திருப்பார்.

மாதவன் முகுந்த் எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும், சதுரங்கப்பட்டினத்துப் பையனின் மேற்கோள்குறி வளைந்திருப்பது சிறுசேரியிலிருந்து அவருக்குத் தெரியாது. வீடியோவுக்குக் கண் இல்லை. புரோகிராமிங்கில் ஆரம்பப் பாடம் என்பது பாதி இதுதான் போலிருக்கிறது: பக்கத்தில் ஒருவர் நின்று “அங்கே பார், முக்காற்புள்ளி போட மறந்துவிட்டாய்” என்பது. அந்த ஒருவருக்கு முனைவர் பட்டம்கூட வேண்டாம். என்னைப் போல ஒரு ஜெராக்ஸ்காரன் போதும் என்பதை நிரூபித்துவிட்டேன். ஆனால் யாராவது ஒருவர் வேண்டும்.

என் மகளின் கதை வேறு. இரண்டு எண்களை வாங்கிக் கூட்டச் சொன்னால் அவள் புரோகிராம் 2-ஐயும் 3-ஐயும் கூட்டி 23 என்றது. விசைப்பலகையில் அடிப்பதை பைதான் எண்ணாக எடுத்துக்கொள்ளாது, எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும், நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்கு உடனே தங்கள் கட்டண ரசீது ஞாபகம் வந்தது. டியூஷன் ஃபீஸ், ஸ்பெஷல் ஃபீஸ், கம்ப்யூட்டர் லேப் ஃபீஸ் எல்லாவற்றையும் தங்கள் அலுவலகம் எண்ணாகத்தான் கூட்டியிருக்கிறது. ஆனாலும் தொகையைப் பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்த மாதிரிதான் இருக்கிறது. அந்த ரசீதில் மூன்றாவது வரியை மறுபடியும் படிக்கவும்: கம்ப்யூட்டர் லேப் ஃபீஸ்.

என்.பி.டி.இ.எல். தளத்தில் விடைகளைத் திருத்துவது மனிதர் அல்ல, இயந்திரம். கணக்குச் சரியாக வந்து, வெளியீட்டில் ஒரு இடைவெளியோ வரியோ கூடிப்போனால், பிரசென்டேஷன் எரரைப் பொருட்படுத்தாமல் பாஸ் என்று போட்டுவிடுகிறது. பெருந்தன்மையான இயந்திரம். தங்கள் கல்லூரிக்கு இதே விதியை வைத்துப் பார்த்தேன். பிரசென்டேஷனில் ஒரு எரரும் இல்லை. வளைவு, நீரூற்று, சரஸ்வதி சிலை எல்லாம் கச்சிதம். மற்றதைத்தான் பொருட்படுத்தாமல் விட வேண்டியிருக்கிறது.

சொல்லக் கூசுகிற ஒன்றும் இருக்கிறது. வாராவாரம் அசைன்மென்ட் கெடு முடிவதற்கு முன்னால் விடைகள் டெலிகிராமில் வந்துவிடுகின்றன. பக்கத்துக்கு இவ்வளவு என்று நான் அவற்றை பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறேன். எனக்கு வருமானம்தான், மறைக்கவில்லை. இந்தச் சான்றிதழ்களில் வழக்கமான கணக்கு அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. சான்றிதழ் வேண்டுமென்றால் 25-இல் பத்தும் 75-இல் முப்பதும் வர வேண்டும். முதல் பத்தை என் பிரிண்டர் வாங்கிக் கொடுத்துவிடும். தேர்வு மையத்தில் நேரில் உட்கார்ந்து எழுதும்போது பிரிண்டர் கூட வராது. அங்கேதான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். ‘மாணவர்களிடம் ஆர்வம் இல்லை’ என்று தங்கள் ஆன்லைன் படிப்பு ஒருங்கிணைப்பாளர் அறிக்கை எழுதுகிறார். அதற்கும் ஸ்பைரல் பைண்டிங் நான்தான்.

ஒருங்கிணைப்பாளர் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2016-இல் யு.ஜி.சி. ஸ்வயம் படிப்புகளுக்கு கிரெடிட் கொடுப்பது பற்றி விதிமுறை வெளியிட்டது. ஒரு பருவத்தில் 20 சதவீதப் பாடங்கள் வரை ஆன்லைனில் எடுக்கலாம் என்றது அது. 2021-இல் அதை 40 ஆக்கினார்கள். இருபது நாற்பதான செய்தி தங்களுக்கு அன்று மாலையே எட்டிவிட்டது. அதே 2016 விதிமுறையில், இந்தப் படிப்புகளுக்குத் தேவையான ஆய்வகம், கணினி, நூலக வசதிகளைக் கல்லூரியே இலவசமாகவும் போதிய அளவிலும் செய்து தர வேண்டும், மாணவருக்கு வழிகாட்டவும் செய்முறை வகுப்பு நடத்தவும் ஒரு ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும் என்று இருக்கிறது. பக்கம் மங்கலாக விழுந்திருக்கலாம். தெளிவான பிரதி ஒன்று இத்துடன் இணைத்துள்ளேன். காசு வேண்டாம்.

தாங்கள் உலகம் சுற்றியவர் என்பதால் ஒரு வெளியூர்ச் செய்தியும் சொல்கிறேன். அமெரிக்காவில் சான் ஹோசே ஸ்டேட் யுனிவர்சிட்டி 2013-இல் உடாசிட்டி என்ற கம்பெனியோடு சேர்ந்து ஆரம்பநிலைப் பாடங்களை ஆன்லைனில் நடத்திப் பார்த்தது. முதல் பருவத்தில் கணக்கிலும் புள்ளியியலிலும் தேர்ச்சி மோசமாகிப்போய், ஜூலையில் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். கோடைப் பருவத்தில் புரோகிராமிங் அறிமுகப் பாடத்தையும் சேர்த்திருந்தார்கள். அந்தப் பருவத்தில் தேர்ச்சி ஏறியது. யார் படித்தார்கள் என்று பார்த்தால் பாதிக்கு மேல் ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்கள். படிக்கத் தெரிந்தவனை ஆன்லைனில் படிக்கவைப்பது சுலபம், ஐயா. முதல் தலைமுறையாகக் காலேஜ் படியேறியவனை அப்படிப் படிக்கவைக்கத்தான் லேபும் ஆளும் வேண்டியிருக்கிறது. தங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வகை. கட்டணம் கட்ட அவர்கள் அப்பாக்கள் என் கடையில்தான் வருமானச் சான்றிதழ் நகல் எடுக்கிறார்கள்.

இந்த ஆன்லைன் படிப்பைப் பாதியில் விட்டவர்களைத் தாங்கள் சபையில் நிற்கவைத்துப் பேசியதாக என் மகள் சொன்னாள். மாமல்லபுரத்தில் பல்லவன் குடைந்த ஐந்து ரதங்களில் ஒன்றுகூட முழுசாக முடிந்ததில்லை. அப்படியே விட்டுவிட்டுப் போனான். அவனுக்கு 1984-இல் யுனெஸ்கோ சான்றிதழே கொடுத்துவிட்டது. அவ்வளவு கேட்கவில்லை. நிற்கவைத்துத் திட்டாமல் இருந்தால் போதும். பாதியில் விட்டவர்களில் சதுரங்கப்பட்டினத்துப் பையனும் ஒருவன். அவன் நின்றது ஐந்தாவது வாரத்தில், செல்போன் டேட்டா தீர்ந்த வாரத்தில்.

ஆகவே, கீழ்க்கண்டவாறு கோருகிறேன். ஆய்வக வாடகை, கல்லூரி நிர்ணயிக்கும் நியாயமான தொகை. விரிவுரையாளர் சம்பளம், தாங்கள் தற்போது கௌரவ விரிவுரையாளர்களுக்குத் தரும் அளவே போதும். அந்தத் தொகையைக் கேட்டபின் அதைத் தள்ளுபடி செய்யவும் சம்மதம். ஸ்பேஸ் பார் ஒன்று, இதில் பேரம் இல்லை.

இவை எதுவும் முடியாது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. கண்ணாடிக் கதவு போட்ட அந்த லேபை மாலை நான்கிலிருந்து ஆறு வரை திறந்துவையுங்கள். கடைசி பஸ்ஸை விட்டுவிடாமல் பிள்ளைகள் கிளம்ப அது சரியான நேரம். இன்டர்நெட் கொடுங்கள். சென்ற ஆண்டு அதே பாடத்தில் நன்றாகத் தேறிய இரண்டாமாண்டுப் பிள்ளைகள் நாலு பேரை உள்ளே நடமாட விடுங்கள். அவர்களுக்கு டீயும் ஒரு சிறு தொகையும் கொடுத்தால் சந்தோஷமாக வருவார்கள். முதலாண்டுப் பிள்ளைகள் சிறுசேரியிலிருந்து வரும் பாடத்தை வீட்டில் கேட்டுக்கொள்ளட்டும், கை வைத்து எழுதுவதை இங்கே எழுதட்டும். எனக்கு மாலை நேர வியாபாரம் போகும். பரவாயில்லை, தேர்தல் வந்தால் நோட்டீஸ் வேலை இருக்கும்.

இது திறந்த மடல் என்பதால் மற்ற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை அட்மிஷனுக்குப் போகும்போது கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஆன்லைன் பாடங்கள் எத்தனை, அவற்றுக்கு ஒருங்கிணைப்பாளர் யார், லேப் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். நகல் எடுக்க எங்கேயும் போக வேண்டாம், என் கடைக்கே வாருங்கள், இலவசமாக எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கல்லூரி முதலாண்டு மாணவி ஒருத்தியின் தந்தை,
ஜெராக்ஸ் கடை, செங்கல்பட்டு.